தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை: முடிவு எதன்மேல் நிற்கிறது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் என் சித்தி பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அவருடைய கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டவர் மருத்துவர் இல்லை, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த தையல்கார அம்மா. கழுத்தளவுக்காக டேப்பைப் போட்டவர், "என்னக்கா, எச்சில் முழுங்கறப்ப தொண்டைல என்னமோ ஏறி எறங்குது?" என்று கேட்டிருக்கிறார். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம் பட்டாம்பூச்சிபோலப் படர்ந்திருக்கும் தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடு இறுக ஒட்டியிருப்பதால், விழுங்கும்போது குழாயோடு சேர்ந்து மேலேறிக் கீழிறங்கும். அதில் உள்ள கட்டியும் அப்படியே அசையும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி மருத்துவர் கழுத்தையே உற்றுப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இரண்டே நாளில் கொருக்குப்பேட்டையில் அவர் குடியிருக்கும் தெரு முழுக்கத் தீர்ப்புகள் வந்து சேர்ந்தன. உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றது ஒரு பக்கம். கத்தி வைத்தால் பரவிவிடும், ஊசிகூடக் குத்தக் கூடாது என்றது இன்னொரு பக்கம். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: கட்டி என்றால் அது ஒரே வகைப் பொருள், அதற்கு ஒரே பதில்தான் உண்டு என்பது. தைராய்டு கட்டியைப் பொறுத்தவரை இந்த நினைப்பு அடிப்படையிலேயே பிழையானது.

கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய தைராய்டு கட்டி பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறது; பெண்களிடம் அதிகம். அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தேடினால் இந்த எண்ணிக்கை பல மடங்காகிறது, வயது ஏற ஏற இன்னும் கூடுகிறது. நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் நிற்கும் ரேஷன் கடை வரிசையில் ஸ்கேன் கருவியோடு ஒருவர் நடந்து போனால், கட்டி இல்லாதவர்களை எண்ணுவதே சுலபமாக இருக்கக்கூடும். இவற்றில் புற்றுநோயாக முடிவது சுமார் 100க்கு 5 முதல் 10 வரைதான். ஆகவே கட்டி இருக்கிறது என்பது மட்டும் அறுவைக்கான காரணம் ஆகாது. அந்த ஐந்து பத்துப் பேரை மற்றவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் எல்லாப் பரிசோதனைகளுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி.

இங்கே நம் பேச்சு வழக்கு ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. "எனக்கு தைராய்டு இருக்கு" என்று நாம் சொல்வது சுரப்பியை அல்ல, சுரப்புக் குறைவை அல்லது மிகுதியை. சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், சுரப்பு குறைந்தால் ஏறும், மிகுந்தால் தாழும். இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு சரியாக இருந்தால் "தைராய்டு இல்லை, நார்மல்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். என் சித்தியும் முதலில் அப்படித்தான் நிம்மதியடைந்தார்; அவருடைய டி.எஸ்.எச். 3.6 என்று வந்திருந்தது. ஆனால் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் வளர்ந்திருக்கும் கட்டி எத்தகையது என்பது வேறொரு கேள்வி. கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள் உட்பட, டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும். அந்த அளவு மிகவும் தாழ்ந்திருந்தால் மட்டும் பாதை மாறுகிறது: கட்டியே தன்னிச்சையாக ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறதா என்று அணு மருத்துவ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டியில் புற்று இருப்பது அரிது. அதற்கான சிகிச்சையும் தனி.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் காகிதத்தில் எல்லோருடைய கண்ணும் போய் நிற்பது சென்டிமீட்டர் கணக்கில்தான். சித்தியின் ரிப்போர்ட்டில் வலப்பக்க மடலில், அதாவது பட்டாம்பூச்சியின் வலச் சிறகில், 2.8 செ.மீ. என்று இருந்தது. "எலுமிச்சம்பழம் சைஸா?" என்று கேட்டார், அவ்வளவு இல்லை, பெரிய நெல்லிக்காய் அளவு என்று சொன்னேன். உண்மையில் கவனிக்க வேண்டியது அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் வர்ணனை. கட்டி கெட்டியானதா, நீர் நிறைந்ததா. சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருப்பாகத் தெரிகிறதா. ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, பிசிறடிக்கிறதா. அகலத்தைவிட உயரம் கூடுதலாக நிற்கிறதா. உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் மின்னுகின்றனவா. அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர் கல்லூரி 2017இல் வெளியிட்ட டைராட்ஸ் என்ற மதிப்பெண் முறை இந்த ஐந்தையும் கூட்டி 1 முதல் 5 வரை ஒரு நிலையைத் தருகிறது. அந்த முறைப்படி ஐந்தாம் நிலைக் கட்டி 1 செ.மீ. தொட்டாலே ஊசிப் பரிசோதனை செய்யலாம். நான்காம் நிலைக்கு 1.5, மூன்றாம் நிலைக்கு 2.5 செ.மீ. வரை பொறுக்கலாம். ஒன்றிலும் இரண்டிலும் ஊசியே தேவையில்லை. 4 செ.மீ. அளவுள்ள, முழுக்க நீர் நிரம்பிய கட்டியைவிடக் கருத்து, பிசிறடித்து, புள்ளி மின்னும் ஒன்றேகால் செ.மீ. கட்டி கூடுதல் கவலைக்குரியது. சித்தியுடையது மூன்றாம் நிலை, அளவு 2.8 செ.மீ.; 2.5 என்ற வாசலைச் சற்றே தாண்டியிருந்ததால் ஊசி.

'எஃப்.என்.ஏ.சி.' என்று சீட்டில் எழுதப்படும் இந்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். இரத்தம் எடுக்கும் ஊசியைவிடவும் பெரும்பாலும் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில உயிரணுக்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பது அவ்வளவுதான் வேலை. மயக்க மருந்து வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசியால் தைராய்டுப் புற்று பரவுவது மருத்துவ ஏடுகளில் தேடிப் பொறுக்க வேண்டிய அளவுக்கு அரிது. இந்தப் பயத்தில் ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், தேவையே இல்லாத அறுவைக்குத் தாமாகவே கழுத்தைக் கொடுக்கிறார்கள். ஊசி முடிவு பாதகமில்லை என்று வந்திருந்தால் அவர்களில் பலருக்குக் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஊசி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'பெதஸ்டா' என்று ஒரு சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். சித்தியின் அடுத்த வீட்டில் இருக்கும் ராயபுரத்து அம்மா அதைப் படித்துவிட்டு, யோவான் சுவிசேஷத்தில் வரும் பெதஸ்தா குளத்தைச் சொல்லி, நல்ல சகுனம் என்று ஆறுதல்படுத்தினார். குளத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அதே பெயர் கொண்ட ஊரில் 2007இல் கூடிய நிபுணர்கள் வகுத்த முறை என்பதால் அந்தப் பெயர். வேதாகமத்துக் குளத்துக்கு ஐந்து மண்டபங்கள், இந்த முறைக்கு ஆறு வகைகள். முதல் வகை, போதிய அணுக்கள் கிடைக்கவில்லை என்பது. மறுபடி குத்த வேண்டும். இரண்டாவது, சாதாக் கட்டி. ஆறாவது, புற்றுநோய் என்பது ஏறத்தாழ உறுதி. ஐந்தாவதில் புற்றாக இருக்கும் வாய்ப்பு, 2023இல் வந்த மூன்றாம் பதிப்பின் சராசரிக் கணக்குப்படி, நூற்றுக்கு 74. இந்த நான்கிலும் அடுத்த அடி எது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் மூன்றாம், நான்காம் வகைகளில்தான் இருக்கிறது. அவற்றில் அதே கணக்கு முறையே 22, 30. மூன்றாம் வகைக்குப் பெரும்பாலும் சில வாரங்கள் விட்டு மீண்டும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள், பல சமயம் இரண்டாம் முறை தெளிவான விடை வந்துவிடும். சித்திக்கு வந்தது நான்கு.

நான்காம் வகையை விளங்கிக்கொள்ள, ஊசியால் எதைப் பார்க்க முடியாது என்பதை முதலில் அறிய வேண்டும். 'ஃபாலிகுலர்' எனப்படும் இந்தக் கட்டிகள் ஒரு மெல்லிய உறைக்குள் வளர்கின்றன. உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அது தீங்கற்ற கட்டி. அணுக்கள் உறையைத் துளைத்து வெளியேறியிருந்தாலோ, இரத்த நாளத்துக்குள் புகுந்திருந்தாலோ அது புற்று. ஆனால் இரண்டிலும் அணுக்கள் ஒன்றுபோலவே இருக்கும். பலாப்பழத்துக்குள் கம்பியை விட்டு ஒரு சுளைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால், அது பலா என்று தெரியும். தோலில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று தெரியாது. அதற்கு முழுப் பழமும் கைக்கு வர வேண்டும். ஆகவே இந்த வகையில் அறுவை என்பது சிகிச்சையாக இருப்பதற்கு முன்பே ஒரு பரிசோதனையாக இருக்கிறது: கட்டி உள்ள பக்கத்து மடலை எடுத்து, உறையைச் சுற்றிலும் துண்டுதுண்டாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே விடை. அறுவை நடக்கும்போதே அவசரமாக உறைய வைத்துப் பார்க்கும் முறையும் இந்த வகைக் கட்டிக்குப் பெரிதாக உதவுவதில்லை. அணுக்களின் மரபணு மாற்றங்களைப் பார்த்து முன்கூட்டியே பிரித்தறியும் பரிசோதனைகள் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கின்றன. செலவு மிக அதிகம் என்பதால் நம் பக்கத்து அன்றாட மருத்துவத்தில் அவற்றுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது தராசின் அடுத்த தட்டு. அறுவை எதை எடுத்துக்கொள்ளும்?

தைராய்டு அறுவையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியடோர் கோகெர். 1909இல் நோபல் பரிசு பெற்றவர். சுரப்பி முழுவதையும் அகற்றிய நோயாளிகள் நாளடைவில் உப்பி, மந்தமாகி, தளர்ந்துபோவதை அவரே 1883இல் அறிவித்தார். முழுச் சுரப்பியையும் எடுத்தால் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை வேண்டும் என்பது இன்று அந்தப் பாடத்தின் மிச்சம். ஒரு மடலை மட்டும் எடுத்தால், எஞ்சிய பாதி பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாத்திரை தேவைப்படுகிறது. அறுவைக்கு முன்பே டி.எஸ்.எச். இயல்பின் மேல்விளிம்பை ஒட்டி இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். மாத்திரை விலை பெரிதில்லை, ஒழுங்குதான் பெரிது: வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். விடிந்ததும் டீக்கடை டம்ளரோடு நாளைத் தொடங்கும் வடசென்னைக்காரருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

குரல் அதைவிடப் பெரிய விஷயம். குரல் நாண்களை அசைக்கும் நரம்பு சுரப்பியின் பின்புறத்தை உரசியபடி மேலேறுகிறது. அதற்கு நிரந்தரச் சேதம் நேர்வது பழகிய கைகளில் நூற்றில் ஒன்று அளவில், சில வாரங்களோ மாதங்களோ நீடிக்கும் கரகரப்பு அதைவிட அதிகம். மேல்பக்கத்தில் இன்னொரு சிறு நரம்பு இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் பேச்சு வரும், ஆனால் உரக்கக் கூப்பிட முடியாது, உச்ச சுருதி எட்டாது. கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது கவனத்துக்கே வராமல் போகலாம். காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவருக்கும், மாநகராட்சிப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகளை அடக்குகிற ஆசிரியைக்கும், "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க, கட்டாயம் இல்ல" என்று நாள் முழுவதும் அழைக்கிற என் சித்திக்கும் அது பிழைப்பு. தன் வேலை என்ன என்பதை நோயாளி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முன் குரல் நாண்களைக் கருவி விட்டுப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சுரப்பியின் பின்னால் உளுந்தம்பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடலின் கால்சியத்தைக் காப்பவை அவை. இரு மடல்களையும் எடுக்கும்போது இவற்றின் இரத்த ஓட்டம் குலைந்தால் உதடும் விரல் நுனிகளும் மரத்துச் சுருக்கென்று குத்தும், கை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தற்காலிகம், சிலருக்கு மட்டும் வாழ்நாள் முழுக்கக் கால்சியம் தேவைப்படும். ஒரு மடல் மட்டும் என்றால் மறுபக்கத்து இரண்டும் தொடப்படாததால் இந்தக் கவலை ஏறத்தாழ இல்லை. இவை தவிர, முதல் ஒரு நாளுக்குள் கழுத்துக்குள்ளே இரத்தம் கசிந்து மூச்சை அழுத்தும் அபாயம் நூற்றில் ஒருவருக்கு உண்டு. அன்றிரவு வார்டில் வைத்திருப்பது அதற்காகவே.

இந்த எண்கள் எல்லாம் அறுவை செய்யும் கையைப் பொறுத்து மாறுகின்றன. ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு அறுவை செய்கிறவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. "சார், நீங்க வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் பண்றீங்க?" என்று கேட்பது அவமரியாதை இல்லை, நல்ல மருத்துவர்கள் தயங்காமல் சொல்வார்கள். முதியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் அந்த அறுவைக்குச் செல்லுமா என்பதை, படுக்கை போடுவதற்கு முன் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிட வேண்டும்.

புற்றுநோய் என்றே வந்தாலும் கத்தி உடனே தேவைதானா என்ற கேள்வியை ஜப்பான் எழுப்பியது. கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதல், 1 செ.மீ. அளவுக்குட்பட்ட, பரவல் இல்லாத பாப்பில்லரி வகைப் புற்றுக்கட்டிகளை அறுக்காமல் ஸ்கேன் வழியே கண்காணித்து வந்தார்கள். 1,235 பேரைப் பற்றி அவர்கள் 2014இல் வெளியிட்ட கணக்கில், பத்தாண்டுகளில் கட்டி வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு, நிணநீர்க் கணுவுக்குப் போனது நூற்றுக்கு 4 பேருக்கும் சற்றுக் குறைவாக. அந்தப் புற்றால் இறந்தவர் எவரும் இல்லை. தென்கொரியாவின் அனுபவம் இதன் மறுபக்கம். அங்கே ஆரோக்கியமானவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் மலிவாகக் கிடைத்ததால், 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டுப் புற்று 1993ஐப்போல் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. அங்கிருந்த மருத்துவர்களே எச்சரித்த பிறகு அறுவைகள் குறைந்தன. நம் ஊரிலும் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனை இலவச இணைப்பாகச் சேர்க்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர் அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. குடும்பத்தில் தைராய்டுப் புற்று இருந்தவர்களும், சிறு வயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் இந்தக் கருத்துக்கு விதிவிலக்கு.

இரண்டாம் வகை, அதாவது சாதாக் கட்டி என்று தெரிந்தும் அறுவைக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சோறு இறங்கும்போது அடைப்பது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருப்பது ஆகியவை நியாயமான காரணங்கள். 4 செ.மீ. தாண்டிய கட்டியில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தோற்றத்துக்காக எடுக்க விரும்புவதை நான் கேலி செய்ய மாட்டேன், ஆனால் கட்டி போகும் இடத்தில் ஒரு தழும்பு வரும். கெட்டியான சாதாக் கட்டியை ஊசி வழி வெப்பத்தால் சுருக்கும் ரேடியோ அலை முறை சில தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. மாத்திரையால் கட்டியைக் கரைக்கும் பழைய வழக்கம் பயன் குறைவு என்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. உப்பை மாற்றுவதாலும், முட்டைக்கோஸை நிறுத்துவதாலும், வந்துவிட்ட கட்டி கரையாது.

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 'கவனித்துக்கொண்டே இருப்போம்' என்ற முடிவு மருத்துவ நூலில் எழுதியிருக்கும் அளவுக்கு எளிதானது இல்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, முடிந்தால் அதே இடத்தில், பழைய படங்களோடு ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் சம்பளம் போகும், வீடு மாறினால் காகிதம் தொலையும், "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லாததாலேயே சில மருத்துவர்கள் ஏழை நோயாளிக்கு அறுவையைச் சற்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதில் அக்கறையும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. காகிதங்களை எல்லாம் ஒரே பையில் போட்டு, அடுத்த தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து எடுத்துக்கொண்டு போய், "நான் வருவேன்" என்று சொல்கிற நோயாளிக்குப் பேச்சு வேறுவிதமாக அமைவதை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தி பாதி அறுவைக்கு ஒப்புக்கொண்டார். முழுவதையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லையே என்று கேட்ட சித்தப்பாவிடம், பத்தில் ஏழு பேருக்கு அது சாதாக் கட்டியாகத்தான் முடியும், அந்த ஏழில் ஒருவராக இருந்தால் நல்ல பாதியையும் எதற்கு இழக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். பத்து நாள் கழித்து வந்த திசுப் பரிசோதனையில் உறை முழுதாக இருந்தது; புற்று இல்லை. சந்தோஷத்தை விட முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு: "அப்ப சும்மாவாடா கழுத்த அறுத்தாங்க?" உறை முழுதாக இருக்கிறது என்பது அதை வெளியே எடுத்துப் பார்த்ததால் மட்டுமே தெரிந்த செய்தி என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பலாப்பழம்," என்றார். ஐந்து வாரம் குரல் கம்மியிருந்தது. கடை முதலாளி அவரை வாசலிலிருந்து பில் போடும் மேசைக்கு மாற்றியிருந்தார். இரண்டு மாதம் கழித்து எடுத்த டி.எஸ்.எச். 5.9, இயல்பைவிடச் சற்றுக் கூடுதல். மாத்திரை இப்போதே வேண்டாம், ஆறு வாரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அந்தத் தேதியை ராணிமுத்து நாட்காட்டியில் பச்சைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துவிட்டு, சித்தி மறுநாளே கடை வாசலுக்குத் திரும்பினார்.